ஸ்கின் கலர் கால் லிட்டர்

இருபத்திரண்டு வருடங்களாக நான் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. "ஃப்ளோரா வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று என் மாமியார் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அப்படிச் சும்மா இருந்த நேரத்தில்தான் அடையாறிலிருந்து திருவான்மியூர்வரை வீட்டுப் பீடங்களிலும் தெருமுனைக் கெபிகளிலும் நிற்கிற மாதா, சூசையப்பர், அந்தோணியார் என்று நானூறு சுரூபங்களுக்காவது பெயிண்ட் அடித்து, கண்ணும் புருவமும் எழுதியிருக்கிறேன். என் கணவர் மேத்யூ கொரோனாவால் வீட்டில் உட்கார்ந்து இருபத்திரண்டு நாள் வேலை பார்த்ததும் அதற்கு வொர்க் ஃப்ரம் ஹோம் என்று பெயர் வந்துவிட்டது. கூடவே பகலில் யாரும் மிக்ஸி போடக்கூடாது என்று ஒரு சட்டமும் வந்தது.

எங்களுடையது பெசன்ட் நகரில் இரண்டாவது மாடி. முன்னறையில் ஒரே ஒரு நல்ல ஜன்னல். அதன் கீழே இருந்த மேஜை என்னுடையது. ஊரடங்கு அறிவித்த மறுநாள் காலை அதில் மேத்யூவின் லேப்டாப் உட்கார்ந்திருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, நாளுக்கு நாலு மீட்டிங். என் பிரஷ்களும் டப்பாக்களும் நானும் சமையலறைக்குப் போகும் நடைக்குத் தள்ளப்பட்டோம். எங்களோடு மாதாவும் வந்து ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றார்.

அந்த மாதா குப்பத்துக் கெபியின் மாதா. கடற்கரைக்குப் போகிற சந்து முனையில், குகை மாதிரி கட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு போட்டிருப்பார்களே, அந்தக் கெபிக்குள் நிற்பவர். மூன்றரை அடி உயரம், பிளாஸ்டர் உடம்பு. உப்புக்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முகம் உரிந்துவிடும். மார்ச் முதல் வாரம், மீன் ஏற்றும் மிக்கேலின் லோடு ஆட்டோவில் வைத்து விக்டர் சார் கொண்டுவந்து விட்டார். விக்டர் சார் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், கெபி கமிட்டியின் செயலாளர். மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றுகொண்டு எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"ஈஸ்டருக்குள்ள குடுத்துடும்மா. எப்பவும் போல."

ஈஸ்டர் வந்தது, பூட்டிய கோவில்களோடு போனது. மே மாதம் மாதா வணக்க மாதம். மே முப்பத்தொன்றாம் தேதி மாதாவுக்கு முடிசூட்ட வேண்டும், கூட்டம் இல்லாமல் நாலைந்து பேர் நின்றாவது செய்துவிடலாம் என்று விக்டர் சார் போனில் சொன்னார். எனக்கு ஒரு கெடு கிடைத்தது, சந்தோஷமாக உப்புத்தாளை எடுத்தேன்.

"ஃப்ளோரா, அந்த கரகர சத்தம் மீட்டிங்ல கேக்குது" என்றார் மேத்யூ.

"மாதாவைத்தான் தேய்க்கிறேன். மீட்டிங்கை ம்யூட்ல போடுங்க."

ஒன்பது பூச்சு உரித்தேன். ஒன்பதும் ரோஸ். கடைசி நாலு நானே அடித்தவை, அதற்கு முந்தியவை யாரோ. ஒன்பதுக்கும் அடியில் வெள்ளை பிளாஸ்டர், அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

நீல அங்கி முடிந்தது. தங்கக் கரை முடிந்தது. முகத்துக்கும் கைக்கும் வந்தபோது ஸ்கின் கலர் டப்பாவைத் திறந்தால், மூடி சரியாக மூடாமல் உள்ளே இறுகிப்போய்க் கிடந்தது. மேலே ஆடை, கீழே களி. தின்னர் ஊற்றிக் கிளறினேன், கட்டி கட்டியாகத்தான் வந்தது. மயிலாப்பூரில் நான் வழக்கமாகப் பெயிண்ட் வாங்கும் ரகுபதிக்குப் போன் போட்டேன்.

"ஸ்கின் கலர் கால் லிட்டர் வேணும், ரகுபதி."

"ஸ்டாக் உள்ள கீதுக்கா. சாவி என் இடுப்புல கீது. நான் ஷட்டரைத் தூக்குனா போலீஸ் என்னைத் தூக்கிடுவான். பெயிண்ட்டு அத்தியாவசியம் கெடையாதாம்."

இருக்கிற சிவப்பையும் மஞ்சளையும் வெள்ளையில் விட்டு நானே கலந்து பார்த்தேன். கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் நிறத்தில் ஒன்று வந்தது. அதை மாதா முகத்தில் பூச எனக்கே மனம் வரவில்லை. ஒரு வாரம் மாதா வெள்ளைப் பிளாஸ்டர் முகத்தோடு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மீன்காரப் பச்சையம்மா கீழே தெருவில் நின்று குரல் கொடுத்தாள். குப்பத்தில் அவள் வீடு கெபிக்கு நேர் எதிரே. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள், சனிக்கிழமை மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவாள், இரண்டிலும் ஒரு குறை வைக்கமாட்டாள். அசோசியேஷன் கேட்டைப் பூட்டிவைத்திருந்ததால் பால்கனியிலிருந்து கயிறு கட்டிய பையை இறக்கினேன். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, சங்கரா மீனைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மாதா இன்னா ஆச்சு ஃப்ளோராம்மா? ரெண்டு மாசமா கெபி காலியா கீது. வெளிய வந்தா அந்த ஓட்டையப் பாத்துகினு போறதா கீது."

"எல்லாம் முடிஞ்சது பச்சையம்மா. மூஞ்சிக்குத்தான் கலர் கிடைக்கல."

"இன்னா கலரு?"

"ஸ்கின் கலர்."

"அப்பிடின்னா?"

"தோல் கலர்."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நேர் வெயில் அவள் முகத்தில் இருந்தது.

"யாரு தோலு?"

கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. "மேல இழும்மா, பூனை பாத்துகினு கீது" என்று அவள் சொன்ன பிறகுதான் கயிற்றை இழுத்தேன்.

அன்று மீன் ஆயாமல் என் இடது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயிண்டை நாங்கள் கையில்தான் பரிசோதிப்போம். டப்பாவில் ஒரு நிறம் தெரியும், காய்ந்தால் வேறு நிறம் தெரியும், அதனால் முழங்கைக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சுரூபத்துக்குப் போவோம். இருபத்திரண்டு வருடமாக ஸ்கின் கலரை என் ஸ்கின்னில் இழுத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது கையில் தனியாகப் பட்டை போட்டு நிற்கும். நல்லா தெளிவா தெரியுது, கலர் சரி என்று நினைத்துத் துடைத்துவிடுவேன். நானூறு தடவை. இப்படி ஒரு முட்டாள் உண்டா?

எனக்கு வந்தது பக்தி இல்லை, கோபம். சின்ன வயதில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய என் புது நன்மை நாள் போட்டோ ஞாபகத்துக்கு வந்தது. அம்மா ஒரு டப்பா பவுடரை என் முகத்தில் அப்பியிருந்தார். வெள்ளைக் கவுன், வெள்ளை முகம், நடுவில் கறுப்பாக என் கழுத்து. அந்தக் கழுத்து யாருடையது என்று என் அண்ணன் கேட்டுக் கேட்டுச் சிரிப்பான். நான் வளர்ந்து பெரியவளாகி, அதே பவுடரைக் கால் லிட்டர் கால் லிட்டராக வாங்கி ஊரெல்லாம் மாதாக்களுக்கு அப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் பரணிலிருந்து பிரவுன் டப்பாவை இறக்கினேன். எங்கள் வாசல் கதவுக்கு அடித்தது போக மிச்சம். அதில் மஞ்சள் விட்டு, துளி சிவப்பு விட்டு, கொஞ்சம் வெள்ளையில் இளக்கி, கையில் இழுத்துப் பார்த்தேன். ஒன்று செங்கல்லாக வந்தது, ஒன்று சேறாக வந்தது. பதினோராவது இழுப்பு காய்ந்ததும் அதை நான் தேட வேண்டியிருந்தது. எங்கே இழுத்தேன் என்று தெரியவில்லை, விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

பிறகு நேராக முன்னறைக்குப் போனேன்.

"என்னங்க, இந்த மேஜை எனக்கு வேணும். முகம் எழுத வெளிச்சம் வேணும்."

"எனக்கு பதினோரு மணிக்கு கால் இருக்கு."

"உங்க காலுக்கு வெளிச்சம் தேவையில்ல. அந்த மூலைக்குப் போங்க."

மேத்யூ என்னைப் பார்த்தார், கையில் தெரிந்த பத்துப் பட்டைகளைப் பார்த்தார், ஒயரைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. அந்த மேஜை எனக்கு எதற்கு என்று இதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நான் உட்பட.

மூன்று நாள் ஆனது. கன்னத்தில் ரோஸ் வைக்கவில்லை. உதட்டுக்குப் பிரவுனிலேயே கொஞ்சம் சிவப்பைக் கூட்டினேன். கண்ணை மட்டும் வெயிலுக்குச் சற்றே சுருக்கி எழுதினேன். கடற்கரையில் நிற்பவர் கண்ணை அகல விரித்துக்கொண்டு நிற்க முடியாது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, நான் எழுதியதிலேயே நல்ல முகம் இதுதான் என்று தோன்றியது. அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, நல்ல முகம்.

காய்வதற்காக ஜன்னலோரம் நிறுத்தியிருந்தேன். மூலையில் மேத்யூ அவருடைய மேனேஜர் ஸ்ரீவத்சனோடு பேசிக்கொண்டிருந்தார். மயிலாப்பூர் மனிதர், நல்ல மாதிரி. பேச்சின் நடுவே லேப்டாப்பிலிருந்து அவர் குரல் கேட்டது.

"மேத்யூ, ஒரு நிமிஷம். உங்காத்துல பின்னாடி யாரோ ரொம்ப நேரமா நின்னுண்டிருக்காளே, பாவம், உக்காரச் சொல்லுங்கோ."

மேத்யூ திரும்பிப் பார்த்தார். "அது மாதா சார்" என்றார். எனக்குச் சமையலறையில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நானூறு சுரூபத்தில் ஒன்றைக்கூட எவரும் உட்காரச் சொன்னதில்லை.

அன்று மாலையே விக்டர் சார் வீடியோ காலில் வந்தார். போனை மாதாவுக்கு முன்னால் பிடித்தேன்.

"லைட்டைப் போடும்மா. இருட்டா இருக்கு."

"லைட் போட்டுத்தான் சார் இருக்கு."

"ஜன்னலைத் திற."

"திறந்திருக்கு சார்."

நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி போனுக்குக் கிட்டே வந்தார். "மாதா கறுத்துட்டாங்களேம்மா."

"ஆமா சார். அதுதான் கலர்."

என்ன பெயிண்ட் என்று கேட்டார். சொன்னேன். "கதவுக்கு அடிக்கிற பெயிண்டை மாதாவுக்கு அடிச்சிருக்கியா நீ?" என்று ஆரம்பித்து, ஹெட்மாஸ்டர் குரலில் பத்து நிமிடம் பேசினார். எப்பவும் போல என்றுதானே சொன்னேன், யாரைக் கேட்டு மாற்றினாய், மக்கள் கும்பிட மாட்டார்கள், கமிட்டி என்னைக் கேள்வி கேட்கும். கடைசியில் குரலை இறக்கினார். முப்பத்தொன்றாம் தேதிக்குள் பழையபடி அடித்துவை. இல்லையென்றால் திருவான்மியூர் நோயலைக் கூப்பிட்டு ஸ்பிரே அடித்துக்கொள்கிறேன். இனி இந்தப் பக்கம் எந்தக் கெபி வேலையும் உனக்கு வராது.

"நோயலுக்குச் சொல்லிக்குங்க சார். நான் மாத்த மாட்டேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. கெபி வேலை இல்லையென்றால் எனக்கு வேறு வேலை தெரியாது. அந்த முகத்தின் மேல் நோயலின் ஸ்பிரே விழுவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

மேத்யூ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டில் மெதுவாகச் சொன்னார். "நீ ஏன் சண்டை போடற? உரிச்சப்ப அடியில பழைய கலர் இதுதான் இருந்திச்சு, அதனால அதே மாதிரி அடிச்சேன்னு சொல்லிடு. பழசுன்னா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க."

நல்ல யோசனைதான். அதுதான் தொல்லை. இரண்டு நாள் அந்தப் பொய் என்னோடு வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. சொன்னால் மாதா முகம் தப்பிக்கும், என் வேலை தப்பிக்கும். ஆனால் அப்புறம் இந்தத் தோல் நாம் எல்லாரும் இப்படி இருப்பதால் வந்தது என்று ஆகாது, எப்போதோ யாரோ அனுமதி கொடுத்ததால் வந்தது என்று ஆகிவிடும். எனக்கு அந்த அனுமதி வேண்டியிருக்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேர் வந்தார்கள். விக்டர் சார், ஆட்டோவோடு மிக்கேல், மாதாவுக்குச் சூட்டும் முடிக்குப் பூ சுற்றிக் கொண்டுவந்த பச்சையம்மா. சார் கையில் ஒரு பை. அதிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஸ்கின் கலர், கால் லிட்டர். கடைகள் பாதி திறந்திருந்த நேரம் அது.

"ரகுபதி ஷட்டரைத் தூக்கிட்டான்" என்றார். "நோயல் வரல, அவன் வீட்டுல கொரோனா. நீயே அடிச்சுடு. ஒரு மணி நேர வேலை. நான் உக்காந்திருக்கேன்."

பச்சையம்மா அதற்குள் மாதாவுக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள்.

"மூக்குத்தி இல்லியே" என்றாள்.

"எப்பவுமே மூக்குத்தி இருந்ததில்லையே, பச்சையம்மா."

"முன்ன இருந்த மூஞ்சிக்கு வோணாம். இந்த மூஞ்சிக்கு ஒண்ணு இருந்தா எடுப்பா இருக்கும்."

மிக்கேல் சிரித்துவிட்டு, சாரைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். விக்டர் சார் சிரிக்கவில்லை. அப்போதுதான் என் பின்னாலிருந்து மேத்யூ தொண்டையைச் செருமினார்.

"சார், ஒரு விஷயம். உரிக்கும்போது அடியில பழைய பூச்சு ஒண்ணு..."

சாரின் முகம் மலர்ந்தது. மாஸ்க்குக்கு மேலேயே தெரிந்தது. "அப்படியா? அதைச் சொல்லவே இல்லையேம்மா. பழைய கலருக்குத்தான் திரும்பியிருக்கோம்னா பிரச்சினையே இல்ல. கமிட்டிக்கு ஒரு கடுதாசி எழுதிடறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினால் போதும். மேத்யூ கண்ணாலேயே கெஞ்சினார்.

"இல்ல சார்" என்றேன். "அடியில வெள்ளை பிளாஸ்டர்தான் இருந்திச்சு. இந்தக் கலர் நான் அடிச்சது. இந்த வருஷம், இந்த வீட்டுல, நானா அடிச்சது."

மேத்யூ தலையில் கை வைத்துக்கொண்டார். சார் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "அப்போ அடி."

"நான் அடிக்க மாட்டேன். அடிச்சே ஆகணும்னா நீங்களே அடிங்க சார்."

மூடியை நெம்பித் திறந்து, அரை அங்குல பிரஷை நனைத்து அவர் கையில் கொடுத்தேன். பின்வாங்குவார் என்று நினைத்தேன். முப்பது வருடம் ஹெட்மாஸ்டர், பின்வாங்கத் தெரியாது. பிரஷோடு மாதாவை நோக்கி ஒரு அடி வைத்தார். கை நீண்டது.

"முதல்ல உங்க கையில இழுத்துப் பாருங்க சார்" என்றேன். "டப்பால தெரியற கலர் வேற. நாங்க எப்பவும் முழங்கைக்குக் கீழ இழுத்துப் பாத்துட்டுத்தான் சுரூபத்துக்குப் போவோம்."

வேலை தெரிந்தவள் தெரியாதவருக்குச் சொல்லித்தருவதைத்தான் சொன்னேன். அதில் கொஞ்சம் திட்டமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் முறைப்படி செய்பவர். வெள்ளைச் சட்டையின் கையை மடித்து, தன் கறுத்த கையில் ஒரு இழுப்பு இழுத்தார். அது ரோஸாக, ஈரமாக, இரண்டு அங்குலத்துக்குத் தனியாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் பார்த்தோம்.

"இன்னா சார், சுண்ணாம்பு பட்டா மாரி கீது" என்றாள் பச்சையம்மா.

சார் அந்தக் கையிலிருந்து கண்ணைத் தூக்கி மாதாவைப் பார்த்தார். அப்புறம் பச்சையம்மாவை. அப்புறம் மறுபடி தன் கையை. பிரஷிலிருந்து ஒரு சொட்டு என் தரையில் விழுந்தது.

"இதைத் துடைக்க என்ன இருக்கு?" என்று கேட்டார்.

துணியில் தின்னர் நனைத்துக் கொடுத்தேன். நன்றாகத் தேய்த்துத் துடைத்தார், தேவைக்கு மேலேயே துடைத்தார். பிரஷை என்னிடம் திருப்பித் தந்தார். டப்பாவை அவரே மூடினார்.

"நான் ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதே" என்றார். "இன்னைக்கு நேரம் இல்ல, அவ்வளவுதான். அடுத்த தடவை உரியறப்ப பாத்துக்கலாம்."

"அப்பவும் என்கிட்டதான் கொண்டு வருவீங்க சார்."

பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து மாதாவின் முகத்தை மூடப் போனார். போகிற வழியில் நாலு பேர் பார்ப்பார்கள் அல்லவா. நான் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் சார். ஊர்ல எல்லார் மூஞ்சியும் மூடித்தான் இருக்கு." அவர் கொஞ்சம் இழுத்தார். நான் விடவில்லை. துணி என் கையில் வந்தது.

மிக்கேல் தோளில் தாங்க, மேத்யூ கால்பக்கம் பிடிக்க, மாதா படியிறங்கினார். அசோசியேஷன்காரர்கள் கதவிடுக்கில் பார்த்தார்கள், பார்க்கட்டும். முதல் மாடித் திருப்பத்தில் சார் நின்று என் பக்கம் திரும்பினார். கையில் தின்னர் வாசனை அடித்தது. ஹெட்மாஸ்டர் குரல் இல்லை, கவலைப்படுகிற ஒரு கிழவரின் குரல்தான் இருந்தது.

"கமிட்டி கேட்டா நான் என்னம்மா சொல்றது? ஊரடங்குல கலர் கிடைக்கலன்னு சொல்லிடட்டுமா?"

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றேன். "கிடைச்சிருச்சுன்னு சொல்லுங்க."